கடல்வரை சுமக்கிற வண்டி

கோதுமை லாரி எடைமேடையில் ஏறியதும் இரும்புத் தளம் ஒரு முறை முனகி அடங்கும். அந்த முனகலைக் கேட்டே வந்திருப்பது யாருடைய வண்டி, நிறைந்து வருகிறதா காலியாகத் திரும்புகிறதா என்று ஆர்லிஸ் சொல்லிவிடுவாள். தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதில்லை. வடக்கு மொன்டானாவில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் சோர்லி என்ற சிற்றூரின் கோதுமைக் கிடங்கில் அவள் எடை போட வந்து முப்பத்து நான்கு வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே ஓர் அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அந்த அறுவடை இன்னும் முடியவில்லை என்று அவளுக்கே சில சமயம் தோன்றும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, தள்ளித் திறக்கும் ஜன்னல். லாரி வந்து நிற்கும். ஓட்டுகிறவர் தொப்பியை இரண்டு விரலால் தொட்டுவிட்டுக் காத்திருப்பார். அவள் எண்ணைப் பார்த்து, எடைச்சீட்டை அச்சடித்து, ஜன்னல் வழியே நீட்டுவாள். வாங்கியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வருஷத்து உழைப்பு முழுவதும் அந்தச் சீட்டின் எண்ணில்தான் விலைபோகிறது. இருந்தும் பார்ப்பதில்லை. ஆர்லிஸ் போட்ட எடை என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

காலி வண்டியை ஓட்டுகிற ஆளோடு சேர்த்து எடை போடுவது அங்கே வழக்கம். அதனால் ஊரில் யார் பெருத்தார்கள், யார் நோயில் இளைத்தார்கள் என்பதெல்லாம் குத்துமதிப்பாக அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குச் சிரமமான காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை.

மேற்குக் கடற்கரையிலிருந்து தானியம் வாங்க வரும் கம்பெனி ஆட்கள் அந்த ஜன்னலோரம் நின்று, ஜூலைக் காற்றில் வயல்கள் அடிவானம்வரை புரண்டு புரண்டு போவதைப் பார்ப்பார்கள். “அப்படியே கடல் மாதிரி இருக்குங்க” என்று ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். ஆர்லிஸ் தலையாட்டுவாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. அறுபத்து மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கடல் என்று ஒன்று கோதுமை மாதிரி இருக்கிறது என்பதுதான். அதன் சத்தம் மட்டும் பிடிபடவில்லை. கோதுமையின் சத்தம் பட்டுத்துணி உரசுவது போல இருக்கும். அத்தனை தண்ணீர் புரண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பாள். அதற்குள் அடுத்த லாரி வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வீட்டைக் காலி செய்தபோது அவர்களுடைய கேம்பரை, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டை, ஆர்லிஸ் வாங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு அடி நீளம். கட்டில், அடுப்பு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார ஒரு மேஜை, மூன்று பக்கமும் ஜன்னல். டிராக்டர் கொட்டகைக்கு அருகே, முகத்தை மேற்கே பார்த்து நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் கோடையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் காபிக் கோப்பையோடு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். மேகங்கள் கிழக்கே நகரும்போது சற்று நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் மேகம் நின்றுவிடும், கேம்பர் நகரத் தொடங்கிவிடும். வேலிக்கம்பங்களைத் தாண்டி, தானியக் கோபுரங்களைத் தாண்டி, மலைப்பக்கமாக அது ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். கோப்பையில் காபி தளும்பாது. அப்படி எத்தனையோ சாயங்காலங்கள் போயிருக்கிறாள். கொட்டகைச் சுவர் கண்ணில் பட்டதும் பயணம் நின்றுவிடும்.

இந்த வருஷத்து அறுவடையோடு அவள் ஓய்வு பெறுவது என்று முடிவாகியிருந்தது. ஜனவரியில் ஒரு காலை ஏழு மணிக்கு, முன்பதிவு திறந்த அதே நிமிஷத்தில், வாஷிங்டன் மாநிலத்துக் கடற்கரைப் பூங்கா ஒன்றில் கேம்பர் நிறுத்த இடம் பிடித்துவிட்டாள். மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் முதல் வரிசை. செப்டம்பர் பதினான்கிலிருந்து ஐந்து நாள். அந்த வரிசை கிடைப்பது குதிரைக்கொம்பு.

இழுத்துப் போக வண்டிதான் இல்லை. வீட்டிலிருந்த பழைய பிக்அப் வேலிக்கம்பி ஏற்றப் போதும், வெளியூர்ப் பயணத்துக்கு ஆகாது. வண்டி தேடும் பொறுப்பை ஆர்லிஸ் கணவனிடம் விட்டாள். லோவல் நாற்பது வருஷம் கோதுமை விதைத்தவன். முதுகெலும்பு தேய்ந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன். அவனுடைய அப்பா ஓட்டியது, தாத்தா ஓட்டியது, அவன் ஓட்டியது எல்லாம் ஒரே கம்பெனி வண்டி. அந்த ஊரில் சர்ச் மாறினாலும் மாறுவார்கள், வண்டிக் கம்பெனி மாறமாட்டார்கள். குழந்தைகள் இல்லாத அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த புகைப்படங்களில் பாதி அந்த வண்டிகள்தான்.

ஊர்க் காபிக்கடையில் தினமும் காலையில் லோவலும் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் கேலனும் தோல் குவளையில் பகடை குலுக்கி, தோற்றவன் காபிக்குக் காசு கொடுப்பார்கள். கேலன் விதை விற்கிறவன். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதே கம்பெனியில் புது பிக்அப் மாற்றுவான். ஜூலை கடைசியில் ஒருநாள் பகடை உருட்டி முடித்த கையோடு, கேலனின் பிக்அப்பை லோவல் வாங்கிக்கொள்வதாக இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அங்கே கைகுலுக்கினால் முடிந்தது. காகிதம் பிறகு வரும், அல்லது வராது. எழுதிக் கொடுத்ததை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. கைகுலுக்கியதிலிருந்து பின்வாங்கியவர்களைப் பெயர் சொல்லி இன்னமும் பேசுவார்கள்.

அன்று சாயங்காலமே வண்டி வீட்டுக்கு வந்தது. ஓட்டிப் பழகட்டும், பணமும் பத்திரமும் அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேலன் விட்டுவிட்டுப் போனான். திராட்சை நிறம், தோல் இருக்கை, குளிர்காலத்தில் உட்காரும் இடம் சூடாகும். சாமான் ஏற்றும் பின்தொட்டிக்கு அதே நிறத்தில் மூடி. பதினோராயிரம் பவுண்டு இழுக்குமாம். விளம்பரப் புத்தகத்தில் அந்த எண்ணுக்குக் கீழே லோவல் பென்சிலால் கோடு போட்டிருந்தான். கேம்பர், சாமான் எல்லாம் சேர்த்தும் ஆறாயிரத்தைத் தாண்டாது. பாதி பலம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே அவன் வண்டியைச் சுற்றி வந்தான். அவன் இப்படிச் சந்தோஷமாக நடந்து அவள் பார்த்து வெகுநாளாயிற்று.

ஆர்லிஸ் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடினால் மறைந்துபோகும் இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். வண்டியும் அதன்மேல் ஏறும் எல்லாமும் சேர்ந்து ஏழாயிரம் பவுண்டைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அவள் மனசுக்குள் கூட்டினாள். வண்டியின் சொந்த எடை. லோவல். தான். தொட்டியின் மூடி, ஜெனரேட்டர், அவன் கருவிப்பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேல், கொக்கியில் வந்து உட்காரும் கேம்பரின் மூக்கு. அது ஒன்றே எழுநூறுக்குக் குறையாது. கூட்டி முடித்துவிட்டுக் கதவை மெல்ல மூடினாள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் சொல்லவில்லை. பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் எகிறிய வண்டியில் ஸ்டியரிங் எப்படிக் கைக்கு அடங்காமல் போகும், இறக்கத்தில் பிரேக் எப்படித் தீய்ந்து நாறும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி வந்து மேடையேறிய லாரிகளை எத்தனையோ பார்த்திருக்கிறாள். கடலுக்குப் போகும் வழியில் பெரிய மலைக்கணவாய்கள் இருந்தன. இந்த வண்டியில் அந்த மலைகளில் ஏற அவளால் முடியாது. இதை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க அவர்களிடம் வழியில்லை. சொன்னால் லோவலால் கேலனின் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் செப்டம்பர் பதினான்கு அவளில்லாமல் வந்துபோகும். கேம்பருக்குள் போய் உட்கார்ந்தபோது மேகங்கள் மேகங்களாகவே போயின. எத்தனை நேரம் பார்த்தும் கேம்பர் நகரவில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஓர் இரவு நல்ல மழை பெய்தது. ஈரக் கோதுமையை யாரும் அறுக்கமாட்டார்கள். மறுநாள் கிடங்கில் ஈ காக்கை இல்லை. ஆர்லிஸ் வீட்டுக்குப் போன் செய்து, கேம்பரை மாட்டிக்கொண்டு வா என்று லோவலிடம் சொன்னாள். பயணத்துக்கு எடுத்துப் போகிற எல்லாவற்றையும் ஏற்று, கேம்பரின் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பு என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு வண்டியை ஊருக்குள் ஓட்டிக் காட்ட ஒரு சாக்கு கிடைத்தது.

விதைக் கணக்கு விஷயமாகக் கேலனும் அப்போது அவள் அறைக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். லோவல் வருவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “பாரு, மாப்பிள்ளை ஊர்வலம் வருது” என்றான்.

பிக்அப்பின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, கேம்பரின் சக்கரங்கள் வெளியே நிற்க, வண்டியை நிறுத்தும்படி ஆர்லிஸ் கையைக் காட்டினாள். பிறகு தானும் போய் லோவலின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கேலனைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். மேடை முனகி அடங்கியது. கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோல் இருக்கை மெத்தென்று இருந்தது. அதில் உட்கார்ந்தபடி ஒரு நொடி, எல்லாம் சரியாக இருந்துவிடக்கூடாதா என்று நினைத்தாள். பிறகு இறங்கிப் போய், கேலன் குறித்த எண்ணைச் சீட்டில் அச்சடித்தாள்.

லோவல் ஜன்னலுக்கு வந்தான். வழக்கம்போலக் கையை நீட்டினான். வழக்கம்போலச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

திரும்பி நடக்கத் தொடங்கியவனை அவள் கூப்பிட்டாள். “லோவல், அதை எடுத்துப் படி.”

அவன் விளங்காமல் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. சீட்டை எடுத்துப் பிரித்தான். ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது.

“ஏழாயிரம்தான் கதவுல போட்டிருக்கு” என்றாள் அவள். “முந்நூத்து நாப்பது கூட.”

“பதினோராயிரம் இழுக்கும்னு புக்குலயே போட்டிருக்கே.”

“இழுக்கும். நான் இழுக்குறதைப் பத்திப் பேசல, சுமக்குறதைப் பத்திப் பேசுறேன். கேம்பரோட மூக்கு அதும்மேலதான ஏறி உக்காருது.”

கேலன் நடுவில் புகுந்து, பின்பக்கத்துக்கு ஒரு ஜோடி கூடுதல் ஸ்பிரிங் போட்டால் நிமிர்ந்துகொள்ளும், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றான்.

“நிமிர்ந்து நிக்கும் கேலன். எடை குறையாது. ஸ்பிரிங் போட்டதால ஸ்டிக்கர்ல இருக்குற நம்பரும் மாறாது.” அவள் குரல் உயரவில்லை. “எம் மேடைமேல யாராவது இப்படி ஒரு கோதுமை லாரியை ஏத்திட்டு, பரவால்ல, பாத்துப் போட்டுக்கோன்னு சொன்னா நான் போட்டிருப்பேனா?”

லோவல் சீட்டை மறுபடி மடிக்கத் தெரியாதவன்போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டான். மேடையிலிருந்து இறங்கும்போது கேம்பரின் மூக்கு தாழ்ந்து எழுந்ததை அவன் கண்ணாடியில் பார்த்திருப்பான் என்று ஆர்லிஸ் நினைத்தாள்.

மூன்று நாள் அவன் காபிக்கடைப் பக்கம் போகவில்லை. வீட்டில் பேச்சு உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்ற அளவில் நடந்தது. நான்காம் நாள் காலை முகம் மழித்து, திராட்சை நிற வண்டியைக் கழுவித் துடைத்து, ஓட்டிக்கொண்டு போனான். பத்து மணிக்கு மேல் ரயில் பாதை ஓரமாக நடந்து திரும்பி வந்தான். என்ன நடந்தது என்று அவனாகச் சொல்லும்வரை ஆர்லிஸ் கேட்கவில்லை. கேலன் முதலில் பகடைக் குவளையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவன் தவிப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்திருக்கிறான்.

“அப்புறம் சொல்றான்,” என்றான் லோவல், “‘உனக்குத்தான்டா கை குடுத்தேன், உன் பொண்டாட்டியோட எடைமேடைக்கு எதிரா இல்ல. அந்த மேடையை நம்பித்தானடா இந்த ஊரே கோதுமை விக்குது’ன்னான்.”

“அவ்வளவுதானா?”

“வருஷம் முடியிற வரைக்கும் பகடை உருட்டாமலே காபிக் காசு நான்தானாம்.” லோவல் பூட்ஸைக் கழற்றினான். “இனிமே நீயே பாத்து எடு. எனக்கு வண்டியப் பாத்தா மூஞ்சிதான் தெரியுது, கதவு தெரிய மாட்டேங்குது.”

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எழுபது மைல் போய் வண்டி விற்கும் மைதானங்களில் அலைந்தார்கள். விற்பனைப் பையன்கள் பளபளக்கும் முன்பக்கத்தைக் காட்டிப் பேசத் தொடங்கும்போதே ஆர்லிஸ் பக்கவாட்டில் போய்க் கதவைத் திறந்து குனிந்துவிடுவாள். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளில் ஒன்று முந்நூறு பவுண்டு குறைவாகச் சுமக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய இருக்கை என்று சேர்க்கச் சேர்க்கச் சுமக்கிற திறன் குறைந்துகொண்டே போனது. உயர்ந்த வண்டிதான் கொஞ்சமாகச் சுமந்தது. அவள் திறந்து, படித்து, மூடி, அடுத்ததற்குப் போனாள். இரண்டாவது ஞாயிறு லோவல் அவளுக்கு முன்னே போய்க் கதவுகளைத் திறந்து வைக்கத் தொடங்கினான். ஆனால் சுமக்கக் கூடியதற்கு அவர்களால் விலை கொடுக்க முடியவில்லை, விலை கொடுக்கக் கூடியது சுமக்கவில்லை. காலண்டரில் ஆகஸ்ட் தீர்ந்துகொண்டிருந்தது.

வண்டி கடைசியில் எடைமேடைக்கே வந்தது. எனோஸ் என்று ஒரு தேனீக்காரன். கோடையில் குளோவர் என்ற தீவனப் பயிர் பூக்கும் வயல்களில் தேனீப் பெட்டி வைத்துவிட்டு, குளிர் வந்ததும் தேனீக்களைக் கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறவன். நாற்பது வயதிருக்கும். தேன் பீப்பாய்களை எடை போட எப்போதாவது வருவான். அன்று வந்தவன், பெரிய லாரி ஒன்று வாங்கிவிட்டதாகவும் இந்த வெள்ளை பிக்அப்பைத் தள்ளிவிடப் போவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். ஆர்லிஸ் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஒரு கதவில் நசுங்கல். துணி இருக்கை, தரையில் ரப்பர். பின்தொட்டி முழுக்க மெழுகு. கதவைத் திறந்ததும் தேனும் புகையும் கலந்த ஒரு வாசனை வந்தது. ஸ்டிக்கரில் பத்தாயிரம் என்றிருந்தது. கேம்பருக்கான பிரேக்கை ஓட்டுநர் இடத்திலிருந்தே இயக்கும் பொறியும் பொருத்தியிருந்தது. அவள் அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். வெயிலில் நின்ற வண்டியின் உள்ளிருந்து இதமான காற்று அவள் முகத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டால் எங்கோ பூத்துக் கிடக்கும் வயலின் நடுவே நிற்பதுபோல இருந்தது.

வீட்டுப் பழைய பிக்அப்பில் கேம்பரை மாட்டி, சாமான்களோடு மெல்ல ஓட்டி வரும்படி லோவலிடம் சொன்னாள். அவன் வந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வண்டி போட்டிக் கம்பெனியுடையது. அவன் அப்பா அந்தக் கம்பெனி வண்டியைத் தன் வாசலில் நிறுத்தக்கூட விட்டதில்லை. பழைய பிக்அப்பிலிருந்து கேம்பரைக் கழற்றி இதில் மாட்டினார்கள். வெள்ளை வண்டி சற்றே அமர்ந்து, அதற்கு மேல் தாழாமல் நின்றது. ஆர்லிஸ் உட்கார்ந்தாள், லோவல் உட்கார்ந்தான், எனோஸ் ஜன்னலில் எண்ணைப் பார்த்துக் கத்தினான். எட்டாயிரத்து முந்நூற்று அறுபது.

“ஆயிரத்து அறுநூத்து நாப்பது மிச்சம்” என்றாள் ஆர்லிஸ்.

லோவல் இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். டயரின் தேய்மானத்தை விரலால் அளந்தான். எண்ணெய்க் குச்சியை உருவி மோந்தான். கடைசியில் ஒரு குறைதான் அவனுக்கு அகப்பட்டது.

“கட்டை வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடும் இது. எலும்பெல்லாம் கழண்டு போயிடும்.”

“காலியா போனாதான் அப்படிப் போடும். நாம காலியாவா போகப்போறோம்?”

எனோஸ் சிரித்தான். “அவங்க சொல்றது சரிங்க. பெட்டி ஏத்திட்டுப் போனா தொட்டில்தான். தேனீயே தூங்கிடும்.”

விலையைச் சொன்னான். கையை லோவலிடம் நீட்டினான். லோவல் தன் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, “வண்டிய எடுக்குறது அவ” என்றான்.

ஆர்லிஸ் எத்தனையோ கைகளுக்குச் சீட்டு கொடுத்திருக்கிறாள். ஒரு வியாபாரத்துக்காகக் கைகுலுக்கியதில்லை. எனோஸின் உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது. கையை எடுத்த பிறகும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை. அன்று முழுக்க அச்சடித்த சீட்டுகளின் ஓரம் விரலில் ஒட்டி ஒட்டி விட்டது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கிளம்பினார்கள். முதல் நாள் வயல்கள் தீர்ந்து மலைகள் தொடங்கின. இரண்டாம் நாள் காலை, மொன்டானா முடிந்து ஐடஹோ தொடங்கும் லுக்அவுட் கணவாயின் உச்சியில் பனிமூட்டம் சாலைவரை இறங்கியிருந்தது. ஆர்லிஸ் ஓட்டினாள். உச்சியிலேயே வண்டியைச் சின்ன கியருக்கு மாற்றிவிட்டு இறக்கத்தில் விட்டாள். எஞ்சின் சற்று இரைந்து, வண்டியைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது. பின்னால் கேம்பர் இருக்கிறது என்பது கண்ணாடியில் பார்த்தால்தான் தெரிந்தது. இருபுறமும் தேவதாரு மரங்கள் மூட்டத்துக்குள்ளிருந்து வந்து மூட்டத்துக்குள் போயின. வண்டி போகிறதா மரங்கள் போகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. மரக்கட்டை ஏற்றிய ஒரு லாரி எதிரே மெல்ல ஏறி வந்தது; அதை ஓட்டியவர் வணக்கமாக ஒரு விரலை உயர்த்திவிட்டுப் போனார்.

லோவல் பக்கத்து இருக்கையில் இருந்தான். அவனுடைய வலது கால் தரையில், பிரேக் இருந்தால் இருக்க வேண்டிய இடத்தில், அழுந்திக்கொண்டிருந்தது. முதல் வளைவில் அழுத்தினான். இரண்டாவதில் இன்னும் அழுத்தினான். ஆர்லிஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள். மூட்டம் விலகிக் கீழே பள்ளத்தாக்கு நீலமாகத் திறந்தது. அடுத்த வளைவு வந்தது, வண்டி அதை எடுத்துக்கொண்டு போனது. அதற்கடுத்த வளைவில் அவனுடைய கால் பின்னுக்கு வந்து மற்றொரு காலோடு சேர்ந்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் தூங்கிப்போனான்.